டிவிடி போட்டும் பழைய விண்டோஸே வருகிறது: பூட் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக: பெங்களூரு அல்சூரில் இருக்கும் ஒருவர் எஸ்.பி. ரோட்டில் பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 கணினி ஒன்று வாங்கியிருக்கிறார். அதில் விண்டோஸ் 7 இருக்கிறது. மகளின் படிப்புக்காக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட நினைக்கிறார். அலுவலக லேப்டாப்பில் பென்டிரைவ் வேலை செய்யாது என்பதால், அதன் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு டிஸ்கையும் ஒரே ஃபைலாக்கிய நகல்) வீட்டருகே உள்ள பிரவுசிங் சென்டரில் கொடுத்து டிவிடியாக எழுதி வாங்கியிருக்கிறார். எஃப்12 அழுத்தி டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுத்தால் கருப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு சில விநாடி மினுக்குகிறது, பிறகு வழக்கம்போல விண்டோஸ் 7 வந்துவிடுகிறது. பயாஸில் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பூட் வரிசையை, அதாவது எந்த டிரைவில் இருந்து முதலில் தொடங்க வேண்டும் என்பதை, மாற்றியும் பலனில்லை. பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. எஃப்12 மெனுவில் டிவிடி டிரைவ் தெரிகிறது என்றால் டிரைவும் கேபிளும் குறைந்தபட்சம் போர்டுடன் பேசுகின்றன. அதைத் தேர்ந்தெடுத்தும் எந்தச் செய்தியும் இல்லாமல் விண்டோஸ் வருகிறது என்றால், பயாஸ் அந்த டிஸ்கைப் பார்த்துவிட்டு, பூட் செய்ய இதில் ஒன்றும் இல்லை என்று அடுத்த டிரைவுக்குத் தாவுகிறது. பூட் வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஃப்12 என்பதே அந்த ஒரு முறைக்கு வரிசையைத் தாண்டிப் போகும் வழிதான். ஆகவே பயாஸில் எதையும் இன்னும் மாற்றாதீர்கள். ஏற்கெனவே மாற்றியவற்றைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கணினியை ஆன் செய்ததும் பயாஸ் முதலில் போர்டில் செருகியிருக்கும் டிரைவ்களைக் கண்டுபிடிக்கிறது. டிவிடியில் இருந்து பூட் செய்யச் சொன்னால், அடுத்து டிஸ்கின் 17-வது செக்டரைப் படிக்கிறது. 1995-இல் ஐபிஎம், ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் வகுத்த ‘எல் டொரிட்டோ’ முறைப்படி, பூட் தகவல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அங்கேதான் இருக்க வேண்டும். குறிப்பு இருந்தால், அது காட்டும் சின்ன பூட்லோடரை மெமரியில் ஏற்றிப் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட்லோடர் லினக்ஸ் கெர்னலையோ விண்டோஸ் செட்டப்பையோ ஏற்றுகிறது.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் திரையே சொல்லிவிடும். மெனுவில் டிரைவே இல்லையா? கேபிள், பவர், அல்லது பயாஸில் அந்த போர்ட் அணைந்திருக்கிறது. டிரைவ் இருக்கிறது, ஆனால் சத்தமில்லாமல் ஹார்டு டிஸ்குக்குப் போகிறதா? டிஸ்க் தவறாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது டிரைவால் அதைப் படிக்க முடியவில்லை. ‘ஐசோலினக்ஸ்’ என்றோ ‘பூட்எம்ஜிஆர்’ என்றோ (லினக்ஸ், விண்டோஸ் பூட்லோடர்களின் பெயர்கள்) ஏதாவது ஒரு வரி வந்து நிற்கிறதா? அப்படியானால் பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது, டிஸ்கில் உள்ள ஃபைல்களில்தான் கோளாறு. லோகோ வந்த பிறகு திரை கருப்பானால் அது கிராபிக்ஸ் அல்லது ரேம் விவகாரம். இதைப் பிரித்துப் பார்க்காமல் பயாஸில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் ஏற்கெனவே இருந்த விண்டோஸும் பூட் ஆகாது.

உங்கள் கணினி நிற்பது இரண்டாவது இடத்தில். அதை ஒரே நிமிடத்தில் இரண்டாகப் பிரிக்கலாம். விண்டோஸ் 7-ஐ ஓடவிட்டு, அதே டிரைவில் அந்த டிவிடியைப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

‘கேஸ்பர்’, ‘பூட்’, ‘இஎஃப்ஐ’ போன்ற ஃபோல்டர்கள் தெரிந்தால் டிஸ்க் சரியான முறையில் எழுதப்பட்டிருக்கிறது. (விண்டோஸ் டிஸ்க் என்றால் ‘பூட்’, ‘இஎஃப்ஐ’, ‘சோர்சஸ்’ ஃபோல்டர்களும் ‘செட்டப்’ ஃபைலும் இருக்கும்.) ஏறத்தாழ 3 ஜிபி அளவில் ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் தெரிந்தால் டிஸ்கை அப்படியே ஓரம் வைத்துவிடுங்கள், அது ஒருநாளும் பூட் ஆகாது. டிரைவ் சுற்றிவிட்டு ‘டிஸ்க் போடவும்’ என்றே விண்டோஸ் கேட்டால், டிரைவால் படிக்க முடியவில்லை அல்லது எழுதி முடித்தபின் டிஸ்க் ‘ஃபைனலைஸ்’ செய்யப்படவில்லை.

பிரவுசிங் சென்டரில் எழுதியது என்பதால் ஒற்றை ஐஎஸ்ஓ ஃபைல் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அங்கே கல்யாண போட்டோக்களை எழுதும் அதே வழக்கத்தில் ஐஎஸ்ஓ-வையும் இழுத்துப் போட்டு எழுதிவிடுவார்கள். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்கின் செக்டர்-செக்டரான நகல். அதை ‘இமேஜ்’ ஆக விரித்து எழுதினால்தான் 17-வது செக்டரில் இருக்க வேண்டியது அங்கே போய் உட்காரும். ஃபைலாகப் போட்டால் அது ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான்.

சரியாக எழுதும் முறை

விண்டோஸ் 7-லேயே இதற்கு வசதி இருக்கிறது, தனி மென்பொருள் தேவையில்லை. ஐஎஸ்ஓ-வின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லும் ‘வெரிஃபை’ கட்டத்தை டிக் செய்யுங்கள். வின்ரார், 7-ஜிப் போன்றவை ஐஎஸ்ஓ-வைத் தங்கள் ஃபைலாகப் பிடித்து வைத்திருந்தால் இந்த மெனு தெரியாது. அப்போது ‘ஓப்பன் வித்’ போய் ‘விண்டோஸ் டிஸ்க் இமேஜ் பர்னர்’ என்பதைத் தேர்வு செய்யலாம். இடையில் ‘யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலவா, சீடி/டிவிடி பிளேயருக்கா’ என்று ஒரு கேள்வி வந்தால் நீங்கள் தவறான வழியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இமேஜ் எழுதும்போது அந்தக் கேள்வி வராது. கேன்சல் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உங்கள் கணினியின் டிரைவிலேயே எழுத முடியுமா என்பதை அதன் முகப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ‘டிவிடி ஆர்டபிள்யூ’ என்று இருந்தால் எழுதும். ‘டிவிடி ரோம்’ என்று மட்டும் இருந்தால் படிக்கும், எழுதாது. அலுவலகங்களில் இருந்து கழித்து விற்கப்படும் பெட்டிகளில் ‘ரோம்’ டிரைவ் சகஜம். பிரவுசிங் சென்டரிலேயே மறுபடி எழுதச் சொல்வதானால், ‘ஐஎஸ்ஓ-வை இமேஜாக பர்ன் பண்ணுங்க, வெரிஃபையும் போடுங்க, 4எக்ஸ் வேகம் போதும்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய டிரைவில் படிக்க வேண்டிய டிஸ்கை 16எக்ஸில் எழுதுவதில் லாபம் எதுவும் இல்லை. டிவிடி-ஆர்டபிள்யூ வேண்டாம், ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வாங்குங்கள். ஆர்டபிள்யூ டிஸ்க் லேசர் ஒளியில் 18 முதல் 30 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். புது டிரைவ் சமாளிக்கும், வயதான லென்ஸ் திணறும்.

அளவையும் பாருங்கள். அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபிதான். லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போகும். உபுண்டு 24.04, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் இப்போதைய விண்டோஸ் 10, 11 ஐஎஸ்ஓ-க்கள் எல்லாம் 5 ஜிபியைத் தாண்டியவை. அவற்றுக்கு 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் வேண்டும், அதைவிட பென்டிரைவ் மேல்.

எழுதுவதற்கு முன் ஃபைல் முழுசாக இறங்கியதா என்று பார்ப்பது கட்டாயம். மின்ட் தளத்தில் ஒவ்வொரு ஐஎஸ்ஓ-வுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற 64 எழுத்து எண் கொடுத்திருப்பார்கள். 7-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ-வை ரைட் கிளிக் செய்து ‘சிஆர்சி எஸ்எச்ஏ’ மெனுவில் அதே எண்ணைக் கணக்கிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் ஃபைல் கெட்டது, மறுபடி இறக்குங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கி நடுவில் அறுந்துபோன ஃபைல்தான், பூட் மெனு வரை ஒழுங்காக வந்து இன்ஸ்டால் பாதியில் ‘ரீட் எரர்’ என்று நிற்கும். விண்டோஸ் செட்டப்பில் இதே கோளாறு ‘உங்கள் கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை’ என்ற செய்தியாக வரலாம். அதைப் பார்த்து டிரைவர் தேடி அலைவார்கள். பெரும்பாலும் குறை டிஸ்கிலோ தரவிறக்கத்திலோதான்.

டிஸ்க் சரி, டிரைவ்?

ஃபோல்டர்கள் வேறொரு கணினியில் தெரிகின்றன, உங்கள் பெட்டியில் மட்டும் தெரியவில்லை என்றால் டிரைவைக் கவனியுங்கள். காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். நல்ல டிரைவ் ஒரே சீராக வேகமெடுத்துச் சுற்றும். சுற்றி, டிக்-டிக் என்று தட்டி, வேகம் குறைந்து, மறுபடி சுற்றி, மூன்று நான்கு முறை இப்படிச் செய்துவிட்டு அடங்கினால் லென்ஸால் தடத்தைப் பிடிக்க முடியவில்லை.

‘பாட்டு சீடி ஓடுகிறதே’ என்பது இங்கே சாட்சி ஆகாது. சீடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் லேசர். ஒன்று தேய்ந்து மற்றது நன்றாக இருக்கலாம். கடையில் வாங்கிய ஒரிஜினல் பட டிவிடி ஓடி, எழுதிய டிவிடி மட்டும் ஓடாமல் போவதும் உண்டு. அச்சடித்த டிஸ்க் அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதே காரணம். எனவே சோதனைக்கு எப்போதும் எழுதிய டிவிடியையே பயன்படுத்துங்கள்.

உங்கள் பெட்டி சின்ன அளவு மாடல் என்றால் அதில் லேப்டாப் வகை மெல்லிய டிரைவ் இருக்கும். ட்ரேயை வெளியே இழுத்தால் லென்ஸ் அதிலேயே தெரியும். கடுகைவிடச் சற்றுப் பெரிய, நீலம் பாய்ந்த கண்ணாடிப் புள்ளி. பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, எடை கொடுக்காமல் ஒருமுறை வருடுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் மிதக்கிறது, அழுத்தினால் டிரைவ் போச்சு. சென்ட், சானிடைசர் எதுவும் கூடாது, அவற்றில் கலந்திருக்கும் மற்ற பொருட்கள் படலமாக ஒட்டிவிடும். ஐந்து நிமிடம் காயவிட்டு மூடுங்கள். வருடக்கணக்காகக் கிடங்கில் கிடந்த பெட்டிக்கு இதுவே போதுமானதாக இருக்கும். போதவில்லை என்றால் டிரைவை மாற்றுங்கள். மெல்லிய டிரைவ் 12.7 மிமீ, 9.5 மிமீ என இரண்டு தடிமனில் வருகிறது. பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், அதே தடிமனில் சாட்டா (டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் முறை) இணைப்புள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏற வேண்டியதில்லை.

எஃப்12 மெனுவில் டிரைவே காணோம் என்றால் (உங்களுக்கு அப்படி இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக): பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, மூடியைத் திறந்து சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றி மறுபடி செருகுங்கள். பிறகு எஃப்2-வில் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ கீழே ‘டிரைவ்ஸ்’ பகுதியில் எல்லா சாட்டா போர்ட்டுகளும் டிக் ஆகியிருக்கின்றனவா பாருங்கள். அலுவலகங்களில் ஊழியர்கள் சீடி பயன்படுத்தக் கூடாது என்று அந்த போர்ட்டை அணைத்து வைத்திருப்பார்கள், அப்படியே விற்பனைக்கும் வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் ‘சாட்டா ஆபரேஷன்’ வரியை மட்டும் தொடாதீர்கள். ஏஎச்சிஐ, ரெய்டு, ஏடிஏ என்று மாற்றினால் இருக்கிற விண்டோஸ் நீலத் திரையில் விழும்.

யூஇஎஃப்ஐ-யா, லெகஸியா?

ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் எஃப்12 மெனு இரண்டு பகுதியாக இருக்கும். மேலே லெகஸி (பழைய பயாஸ் பூட் முறை) பட்டியல், கீழே யூஇஎஃப்ஐ (அதற்குப் பின் வந்த புதிய முறை) பட்டியல். ஒரே டிவிடிக்குள் இரண்டு வழிகளுக்கும் தனித்தனி பூட்லோடர் இருக்கிறது. உங்கள் விண்டோஸ் 7 பெரும்பாலும் லெகஸி முறையில் நிறுவப்பட்டிருக்கும். அதை அழித்துவிட்டு மின்ட் மட்டும் போடுவதானால் எந்த வழியும் சரி. விண்டோஸும் கூடவே இருக்க வேண்டும் என்றால் மின்ட் டிவிடியையும் விண்டோஸ் இருக்கும் அதே முறையில் பூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் இன்ஸ்டால் முடிந்த பின் ஒன்றில் இருந்து மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் மெனு கிடைக்காது. விண்டோஸ் செட்டப்பில் ‘ஜிபிடி வகை டிஸ்க் என்பதால் நிறுவ முடியாது’ என்றோ ‘எம்பிஆர் டேபிள் இருப்பதால் முடியாது’ என்றோ (ஜிபிடி, எம்பிஆர் என்பவை ஹார்டு டிஸ்கைப் பிரித்து வைக்கும் இரண்டு முறைகள்) வருவதும் செட்டப் டிஸ்கைத் தவறான முறையில் பூட் செய்ததால்தான். பார்ட்டிஷனை அழிக்கும் முன் ரீஸ்டார்ட் செய்து, எஃப்12-இல் மற்ற பட்டியலில் இருந்து முயன்று பாருங்கள்.

செக்யூர் பூட் (டிஜிட்டல் கையொப்பம் உள்ள பூட்லோடரை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருந்தால் உபுண்டு, ஃபெடோரா, மின்ட் ஆகியவை கையொப்பம் உள்ளவை என்பதால் பூட் ஆகும். விண்டோஸ் 7 டிஸ்க் ஆகாது. ஆனால் 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகளில் பழைய லினக்ஸ் டிஸ்குகள் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று நின்றுவிடுகின்றன. புது ஐஎஸ்ஓ இறக்குங்கள், அல்லது செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை அணைக்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் பூட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் போட்டோ, ஃபைல் எதையும் திரும்ப எடுக்க வழியில்லை.

எஃப்12 எல்லோருக்கும் பொருந்தாது. எச்பி-யில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9, லெனோவோவில் எஃப்12, ஆசுஸ் டெஸ்க்டாப் போர்டில் எஃப்8, லேப்டாப்பில் எஸ்கேப், எம்எஸ்ஐ, ஆஸ்ராக் போர்டுகளில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. ஏசரில் எஃப்12 மெனுவையே பயாஸில் போய் ஆன் செய்தால்தான் வரும். விண்டோஸ் 8-க்குப் பிந்தையவற்றில் ‘ஷட் டவுன்’ முழுமையாக அணைப்பதில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, திரை கருப்பானதும் அந்தச் சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

கணினியை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பயாஸ் தேதி பல வருடம் பின்னே போயிருந்தால், நீங்கள் மாற்றும் பூட் வரிசையும் நிலைக்காமல் போகலாம். சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெட்டி மின்சாரம் இல்லாமல் கிடங்கில் கிடந்த காலம் முழுவதும் போர்டு அந்த 3 வோல்ட் பேட்டரியில்தான் நேரத்தைக் கணக்கிட்டு வந்திருக்கிறது. சில பத்து ரூபாயில் முடியும் வேலை, முதலிலேயே மாற்றிவிடலாம்.

விண்டோஸ் டிஸ்க் போடுபவர்களுக்கு இன்னொன்று. ‘பிரஸ் எனி கீ’ என்ற வரி ஐந்து விநாடி போலத்தான் நிற்கும். அதற்குள் ஒரு சாவியைத் தட்டாவிட்டால் ஹார்டு டிஸ்குக்குப் போய்விடும். தட்டியும் போகிறது என்றால் கீபோர்டு இன்னும் விழிக்கவில்லை. புளூடூத் கீபோர்டு இங்கே உதவாது. ஒயர் உள்ள கீபோர்டைப் பின்பக்கக் கருப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகி, பயாஸில் ‘ஃபாஸ்ட் பூட்’ இருந்தால் ‘தரோ’ (Thorough, முழுச் சோதனை) அல்லது ‘டிசேபிள்’ ஆக்குங்கள்.

டிவிடி இல்லாமலே முடிக்க

இந்தப் பெட்டி 2012-இல் வந்த மாடல், யூஎஸ்பியில் இருந்து நன்றாகவே பூட் ஆகும். அலுவலக லேப்டாப் தடுத்தால் என்ன, இந்த விண்டோஸ் 7-லேயே பென்டிரைவ் தயாரிக்கலாம். ஐஎஸ்ஓ-வைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளின் 4-ஆம் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடாது. 3.22 பதிப்பை இறக்குங்கள், அதுதான் 7-க்குக் கடைசி. 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். லெகஸி பூட் வேண்டும் என்றால் ‘எம்பிஆர்’, யூஇஎஃப்ஐ மட்டும் என்றால் ‘ஜிபிடி’ தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா (செக்டர்-செக்டராக அப்படியே எழுதுவது) என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ, பூட் ஆகாவிட்டால் டிடி.

என் பரிந்துரையும் இதுதான். அதே ஐஎஸ்ஓ-வைப் பென்டிரைவில் எழுதி பூட் ஆகிவிட்டால் போர்டு, ரேம், ஐஎஸ்ஓ மூன்றும் சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். மிச்சமிருப்பது டிஸ்கும் டிரைவும் மட்டும். அந்த டிரைவுக்கு நீங்கள் பணம் செலவழிக்க வேண்டுமா என்பதையும் அதன் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

பென்டிரைவிலும் டிவிடியிலும் மெனு வரை வந்து, பிறகு திரை கருப்பாகவே நின்றால் மின்ட் மெனுவில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். தனி என்விடியா கார்டு போட்டிருக்கும் பெட்டிகளில் இது அடிக்கடி தேவைப்படும். அதிலும் நின்றால் ரேம் குச்சிகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றி, மாற்றி மாற்றிப் பாருங்கள்.

மின்ட் மேசைத்திரை வந்ததும் உடனே இன்ஸ்டால் அழுத்தாதீர்கள். லைவ் நிலையிலேயே (நிறுவாமல் டிவிடி அல்லது பென்டிரைவில் இருந்தே ஓடும்போது) வைஃபை, சவுண்ட், பிரவுசர் எல்லாம் ஓடுகின்றனவா பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்கில் உங்களுக்கு வேண்டிய ஃபைல் ஏதாவது இருந்தால் இங்கிருந்தே பென்டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் மீடியாவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும். டிவிடியை எடுத்து, ட்ரேயை மூடி, என்டர் தட்டுங்கள். விண்டோஸ் என்றால் முதல் ரீஸ்டார்ட்டில் ‘பிரஸ் எனி கீ’ மறுபடி வரும், அப்போது எதையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். தொட்டால் செட்டப் முதலில் இருந்து தொடங்கும்.